இதயத்துக்குப் பரவிய மெலனோமா: அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோலில் தொடங்கிய மெலனோமா இதயத்துக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டு நிலைகுலைந்து வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. அரிதாகவே வருகிறார்கள். ஆனால் யார் வந்தாலும் கேள்விகள் ஒன்றுதான். டாக்டரிடம் கேட்கத் தயங்கி, வெளியே வராந்தாவில் என்னிடம் கேட்பவைதான் அதிகம். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். உங்கள் நோயாளியின் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொல்வதே இறுதியானது. அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கவே இந்தப் பக்கம்.

தோல்ல வர்ற கேன்சர் ஹார்ட்டுக்கு எப்படிங்க போகும்?

தோல் புற்றுநோய் எல்லாமே ஒரே மாதிரி இல்லை. வெயில் படும் முகத்தில் வரும் பேசல் செல் வகை, தொடங்கிய இடத்தை விட்டு நகர்வது மிகமிக அரிது. ஸ்குவாமஸ் வகை சில நேரம் பரவும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்களில் தொடங்கும் மெலனோமாதான் ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி உடலெங்கும் போகக்கூடியது. நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு என்று போகும் வழியில் இதயத்திலும் தங்கிவிடும்.

இதில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இதயத்துக்குப் போகும் நாட்டம் மெலனோமாவுக்கு மற்ற புற்றுநோய்களைவிட அதிகம். 1968-இல் அமெரிக்காவில் கிளான்சி, ராபர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள், மெலனோமாவால் இறந்த 70 பேரின் பிரேதப் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 64 சதவீதம் பேருக்கு இதயத்திலும் நோய் இருந்தது. உயிரோடு இருக்கும்போதே இது கண்டுபிடிக்கப்படுவது மிகச் சிலருக்குத்தான். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தசைக்குள் இருந்தால் எந்தத் தொந்தரவும் தராது. ஆபரேஷன் பேச்சு எழுவது, கட்டி வளர்ந்து ரத்தம் போகும் பாதையை மறிக்கும்போதுதான்.

அம்மாவுக்கு மச்சத்தை எடுத்து எட்டு வருஷம் ஆச்சு. டாக்டரே க்ளியர்னு சொல்லிட்டாரு. இப்பப் போய் எப்படி?

நீங்கள் எதையோ கவனிக்காமல் விட்டதால் வந்தது இல்லை. மெலனோமா செல்கள் வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்து பிறகு தலைதூக்கும். பத்து வருடம் தாண்டித் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். மெலனோமா வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில், அது முதலில் தோலில் எங்கே தொடங்கியது என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த முதல் கட்டியை அழித்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

அதனால் மெலனோமா எடுத்த யாருக்கும், எத்தனை வருடம் கழித்தென்றாலும், காரணம் புரியாமல் மூச்சு வாங்கினால் பழைய கதையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். "அது ஆறிப்போன விஷயம்" என்று சொல்லாமல் விடுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதிதானே? நம்ம தோலுக்கு வருமா?

குறைவாக வரும், வராது என்று இல்லை. மாநிறம், கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு வருவது பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த வகைதான். 1981-இல் 36 வயதில் இறந்தார். ஆறாத கால் புண், அடி பட்டதால் கறுத்த நகம் என்று நினைத்து நாட்கள் போய்விடுவதால், நம்மவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

மூச்சு வாங்குது, கால் வீங்குது. இதெல்லாம் அந்தக் கட்டியாலயா?

இருக்கலாம். கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மெலனோமா அதிகமாக வலது பக்கத்தில், குறிப்பாக வலது மேலறையில் வளரும். அங்கே பெரிதாகி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள டிரைகஸ்பிட் வால்வுக்குள் கதவிடுக்கில் சிக்கிய துணி மாதிரி வந்து வந்து போகும். உடலிலிருந்து திரும்பும் ரத்தம் உள்ளே போக முடியாமல் பின்னால் தேங்கும். அப்போது கால் வீங்கும், வயிறு உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும். சிலர் குனிந்து எழும்போது தலைசுற்றி விழுவார்கள்.

கட்டியின் துணுக்கு உடைந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல் வரும். இடது பக்கத்தில் இருந்தால் துணுக்கு மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். தசைக்குள் இருந்தால் துடிப்பு தாறுமாறாகும். இதய உறைக்குப் பரவினால் அங்கே நீர் கோர்க்கும். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எக்கோல "மாஸ்"னு போட்டிருக்கு. ரத்தம் உறைஞ்சதா, கேன்சரா, மிக்ஸோமாவா?

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது மிக்ஸோமா. அது புற்று இல்லை. பெரும்பாலும் இடது மேலறையில் இரு அறைகளுக்கும் நடுச்சுவரில் காம்பு விட்டுத் தொங்கும். எடுத்தால் முடிந்தது. ஆனால் வேறு இடத்திலிருந்து வந்து இதயத்தில் தங்கும் கட்டிகள், இதயத்திலேயே தோன்றுபவற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

எக்கோ, கட்டி இருக்கிறது என்று காட்டும். உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எடுக்கும் எக்கோவில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது இன்னும் தெளிவாகும். இதய எம்ஆர்ஐயில் மருந்து ஏற்றிப் பார்க்கும்போது, ரத்த ஓட்டம் உள்ள கட்டி அந்த மருந்தை இழுத்துக்கொள்ளும். உறைந்த ரத்தம் பெரும்பாலும் இழுக்காது. மெலனினுக்குக் காந்தப் புலத்தில் தனிக் குணம் இருப்பதால், நிறமுள்ள மெலனோமா எம்ஆர்ஐயின் ஒரு வகைப் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். நிறமில்லாத மெலனோமாவும் உண்டு; அதில் இந்த அடையாளம் கிடைக்காது. பெட் ஸ்கேன் உடல் முழுவதும் வேறெங்கே நோய் இருக்கிறது என்று காட்டும். கடைசி உறுதி பயாப்சியில்தான். எஸ்-100, மெலன்-ஏ, எச்எம்பி-45, சாக்ஸ்-10 ஆகிய சாயச் சோதனைகளின் பெயர்கள் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும். கழுத்திலோ அக்குளிலோ எடுக்கக்கூடிய கட்டி இருந்தால், இதயத்தைத் தொடாமல் அங்கிருந்தே சதை எடுத்துவிடுவார்கள்.

ஹார்ட்டுக்கு வந்துட்டா நாலாவது ஸ்டேஜ்தானே? அப்புறம் எதுக்கு நெஞ்சைத் திறக்கணும்?

நாலாவது நிலைதான். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் இந்த ஆபரேஷன் புற்றுநோயை உடலிலிருந்து ஒழிக்கச் செய்யப்படுவது இல்லை. ரத்தம் போகும் வழியைத் திறந்துவிடச் செய்யப்படுவது. நோய் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கலாம். மருந்து கேட்கும் நோயாகவும் இருக்கலாம். ஆனால் வால்வை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டி, மருந்து வேலை செய்யத் தேவையான வாரங்களைத் தராது. அந்த வாரங்களை வாங்கித் தருவதுதான் சர்ஜனின் வேலை.

என் எண்ணத்தில் குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஆபரேஷன் சக்சஸ் ஆகுமா?" என்பது இல்லை. "ஆபரேஷன் முடிந்து எழுந்தால், அடுத்து அவருக்குக் கொடுக்க மருந்து இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது என்றால், அபாயம் ஏற்பதற்கு அர்த்தம் இருக்கிறது. எல்லா மருந்தும் தோற்றுவிட்டது என்றால், மறுபடி நிதானமாக யோசிக்க வேண்டும்.

யாருக்குச் செய்வாங்க, யாருக்கு மாட்டேன்னு சொல்வாங்க?

கட்டி ஒன்றுதான், அறைக்குள் தொங்குகிறது, காம்போ குறுகிய அடியோ உள்ளது, மற்ற இடங்களில் நோய் இல்லை அல்லது மருந்துக்கு அடங்கி இருக்கிறது, நோயாளி நடமாடுகிறார் என்றால் சர்ஜன்கள் முன்வருவார்கள். இடது கீழறைத் தசைக்குள் பரவலாக ஊடுருவியிருந்தால், இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களைச் சுற்றி வளைத்திருந்தால், கல்லீரலிலும் மூளையிலும் நோய் கட்டுக்கடங்காமல் இருந்தால் பெரும்பாலும் மறுப்பார்கள். அறைச்சுவரை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் தசை, ரத்தத்தைத் தள்ளப் போதுமா என்பதுதான் அவர்கள் போடும் கணக்கு.

பரவிய மெலனோமாவை வெட்டி எடுத்தால் அதிக நாள் வாழலாம் என்பதற்கு இதயத்தை வைத்துப் பெரிய ஆய்வு கிடையாது. தனித்தனி நோயாளிகளின் அறிக்கைகள்தான் உண்டு. மற்ற உறுப்புகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எம்எஸ்எல்டி-1 என்ற பெரிய ஆய்வில் இருந்தவர்களில், நோய் தொலைவுக்குப் பரவியபின் அறுவை சிகிச்சையும் பெற்றவர்களில் 20.8 சதவீதம் பேர் நான்கு ஆண்டு கடந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம். ஆனால் சர்ஜன் தேர்ந்தெடுத்தவர்கள் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தவர்கள். அந்த வித்தியாசம் முழுவதும் கத்தியால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ள என்னதான் பண்ணுவாங்க? பயமா இருக்கு, ஆனா தெரிஞ்சுக்கணும்.

மயக்கம் கொடுக்கும் கட்டமே இதில் சிக்கலானது. மயக்க மருந்தில் ரத்த அழுத்தம் சரிந்தால், கட்டி வால்வை முழுதாக அடைத்துவிடலாம். அதனால் கட்டி பெரிதாக இருந்தால், இதய-நுரையீரல் இயந்திரத்தில் உடனே இணைக்கத் தொடையில் உள்ள ரத்தக்குழாய்களை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள். பிறகு மார்பெலும்பை நடுவில் பிளந்து இதயத்துக்கு வருவார்கள். 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய அந்த இயந்திரத்தின் இன்றைய வடிவம்தான் இந்த நேரம் முழுவதும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும்.

வலது மேலறையில் கட்டி இருந்தால், ரத்தத்தை வெளியே எடுக்கும் குழாய்களை வழக்கம்போல மேலறை வழியாகச் செருக முடியாது. இடித்தால் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய்விடும். மேல், கீழ் பெருஞ்சிரைகளில் தனித்தனியாக, கட்டியிலிருந்து தள்ளிப் போடுவார்கள். இதயத்தைக் கையால் புரட்டாமல் வைத்திருப்பதும் அதே காரணத்தால்தான். தேவையென்றால் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி இதயத் துடிப்பை நிறுத்துவார்கள். மேலறையைத் திறந்து, கட்டியை அது ஒட்டியிருக்கும் சுவரோடும், சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடும் சேர்த்து வெட்டுவார்கள். அப்படி ஏற்படும் ஓட்டையை நோயாளியின் சொந்த இதய உறையிலிருந்தோ பதப்படுத்திய மாட்டு இதய உறையிலிருந்தோ எடுத்த ஒட்டால் மூடித் தைப்பார்கள். வால்வு கெட்டிருந்தால் அதையும் சரிசெய்வார்கள் அல்லது மாற்றுவார்கள்.

மூடும் முன் உணவுக்குழாய் எக்கோவில் வால்வு ஒழுகுகிறதா, வேறு துண்டு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுவர் முழுவதும் ஊடுருவியிருப்பது உள்ளே போன பிறகுதான் தெரியவரும் சமயமும் உண்டு. அப்போது அடைப்பை நீக்கும் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு வெளியே வருவார்கள். "பாதியில விட்டுட்டாங்க" என்று குடும்பம் மனம் உடையும். நாலாவது ஸ்டேஜ் பற்றிய பதிலில் சொன்ன நோக்கத்தை வைத்துப் பார்த்தால், அதுவும் செய்ய வேண்டியதைச் செய்ததுதான்.

ஹார்ட் ஆபரேஷனுக்கு தலைக்கு ஏன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க? காசு பிடுங்கவா?

இல்லை. இந்த ஒரு ஸ்கேனைத் தயவுசெய்து தவிர்க்கவே வேண்டாம். இதய-நுரையீரல் இயந்திரத்துக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்தை மிக அதிக அளவில் கொடுப்பார்கள். மெலனோமா மூளைக்கு அடிக்கடி பரவும். அங்கே உள்ள மெலனோமா கட்டி எளிதில் ரத்தம் கசியும் தன்மை உடையது. யாருக்கும் தெரியாமல் மூளையில் கட்டி இருந்து, அந்த நிலையில் ஹெப்பாரின் ஏறினால், இதயம் பிழைத்தும் நோயாளி கண் விழிக்காமல் போகலாம். மூளையில் கட்டி தெரிந்தால், முதலில் அதற்குக் குறிவைத்த கதிர்வீச்சு கொடுத்து, பிறகு நேரம் குறிப்பது பற்றி யோசிப்பார்கள்.

முழுசா எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அப்போ குணமாயிடுச்சுன்னு வச்சுக்கலாமா?

கண்ணுக்குத் தெரிந்ததை முழுதாக எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன அடங்கிக் கிடக்கும் செல்கள் வேறெங்கும் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு மருந்தும், சீரான இடைவெளியில் எக்கோவும் முழு உடல் ஸ்கேனும் தொடரும்.

முதல்ல மருந்தா, முதல்ல ஆபரேஷனா?

இதில் கடந்த 15 ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது. முன்பு டகார்பசின் போன்ற கீமோதான். பரவிய மெலனோமா வந்தவர்களில் பாதிப் பேர் ஓராண்டுகூடத் தாண்டியதில்லை. 2011-இல் அமெரிக்காவில் இபிலிமுமாப் அனுமதி பெற்றது. 2014-இல் பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் வந்தன. புற்றுநோய் நம் எதிர்ப்பு அணுக்களுக்குப் போடும் தடையை நீக்கும் இம்யூனோதெரபி மருந்துகள் இவை. இதற்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்துக் கொடுத்த செக்மேட்-067 ஆய்வில், பத்து ஆண்டு முடிவில் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பரவிய மெலனோமாவுக்கு இது முன்பு நினைத்தே பார்க்க முடியாத எண்.

ஆகவே அடைப்பு இல்லாமல், நோயாளி நிதானமாக இருந்தால், முதலில் மருந்து கொடுத்து இதயக் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பதே இப்போது பல இடங்களில் வழக்கம். சுருங்கிவிட்டால் ஆபரேஷனே வேண்டாம். வெட்டி எடுக்கக்கூடிய மெலனோமாவில், ஆபரேஷனுக்கு முன்பே பெம்ப்ரோலிசுமாப் தொடங்குவது நல்லது என்று 2023-இல் வெளியான எஸ்-1801 ஆய்வும் காட்டியது. நோய் திரும்பாமல் இரண்டு ஆண்டு இருந்தவர்கள் 72 சதவீதம். ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் கொடுத்தவர்களில் 49 சதவீதம். இது இதயக் கட்டிகளுக்கான ஆய்வு இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்று யோசிக்கும் மருத்துவர்களின் மனதில் இது இருக்கும். மூச்சே விட முடியாமல் வருபவருக்கு இந்த விவாதம் பொருந்தாது. அவருக்கு வழியைத் திறப்பதுதான் முதலில்.

கட்டியில் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் போன்ற மாத்திரைகள் சில வாரங்களிலேயே கட்டியைச் சுருக்கும். உள்ளங்கால், நக வகையில் இந்த மாற்றம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் சோதிக்காமல் விடக் கூடாது.

இம்யூனோதெரபி ஹார்ட்டையே கெடுக்கும்னு படிச்சேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். தூண்டிவிட்ட எதிர்ப்பு அணுக்கள் இதயத் தசையையே தாக்கி அழற்சி உண்டாக்கலாம். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். வந்தால் உயிருக்கு ஆபத்து. பெரும்பாலும் முதல் சில ஊசிகளுக்குள் வந்துவிடும். நெஞ்சு வலி, படபடப்பு, புதிய களைப்பு, கண் இமை தொங்குவது தெரிந்தால் அடுத்த ஊசி தேதி வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தச் சோதனையும் ஈசிஜியும் எடுத்து, தேவையென்றால் உடனே ஸ்டீராய்டு தொடங்குவார்கள். டிராமெட்டினிப் இதயத்தின் தள்ளும் சக்தியைக் குறைக்கக்கூடும்; அதனால் அந்த மாத்திரைக்கும் இடையிடையே எக்கோ தேவை. ஏற்கெனவே இதயத்தில் கட்டியோ தையலோ உள்ளவருக்கு இந்தக் கண்காணிப்பு இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

ஹார்ட்டைச் சுத்தி தண்ணி கோர்த்திருக்குன்னா அதுக்கும் ஓப்பன் ஹார்ட்டா?

தேவையில்லை. இதய உறைக்குள் வேகமாக நீர் சேர்ந்தால் இதயம் விரிய இடமில்லாமல் நசுங்கும். அது அவசர நிலை. எக்கோ பார்த்தபடியே ஊசி செலுத்தி, குழாய் வைத்து வடிப்பார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீராகும். மறுபடி மறுபடி சேர்ந்தால் மார்பெலும்புக்குக் கீழே சின்னதாகத் திறந்து, உறையில் ஒரு வழி வெட்டிவிடுவார்கள். வடித்த நீரைச் சோதனைக்கு அனுப்பினால் அதிலேயே மெலனோமா செல்கள் தெரியலாம்.

கெட்டுப்போன ஹார்ட்டை எடுத்துட்டு வேற ஹார்ட் வச்சா என்ன?

வைக்க மாட்டார்கள். மாற்று இதயத்தை உடல் ஒதுக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை வாழ்நாள் முழுவதும் அடக்கிவைக்கும் மருந்து தேவை. மெலனோமாவை அடக்கிவைத்திருப்பதே அந்த எதிர்ப்புச் சக்திதான். அதை அடக்கினால் மீதமுள்ள செல்கள் கட்டவிழ்ந்து வளரும். மேலே சொன்ன இம்யூனோதெரபியையும் அதன்பின் கொடுக்க முடியாது. கொடுத்தால் புதிய இதயத்தை உடல் தாக்கும்.

கதிர்வீச்சிலோ ஓட்டை போட்டோ முடிக்க முடியாதா?

மெலனோமா கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாத நோய். துடிக்கும் இதயத்தில் அதிக அளவு கொடுப்பதும் கடினம். ஆபரேஷன் தாங்காதவர்களுக்குச் சில மையங்களில் குறிவைத்துக் கொடுக்கிறார்கள். சிரை வழியாகத் தடித்த குழாயை ஏற்றி, வலது மேலறைக் கட்டியை உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. அது சுமையைக் குறைக்கும், அடியோடு எடுக்காது.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா எப்படிப் பார்த்துக்கணும்?

கம்பியால் கட்டிய மார்பெலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்க வேண்டாம். வண்டி ஓட்ட வேண்டாம். எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டாம். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், நெஞ்சில் எலும்பு நகரும் "களுக்" சத்தம், தினமும் ஏறும் எடை, திடீர் மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் மருந்தை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். இதய டாக்டர் ஒருபக்கம், புற்றுநோய் டாக்டர் ஒருபக்கம் என்று இருக்கும்போது நடுவில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

நாங்க ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணா, கைவிட்டுட்டோம்னு ஆகாதா?

ஆகாது. மேலே யாருக்கு மறுப்பார்கள் என்று சொன்னேனே, அந்த நிலையில் உள்ளவரை மேஜையில் ஏற்றினால், மிஞ்சியிருக்கும் நாட்களை ஐசியுவில் கழிக்கவைப்பதாகத்தான் முடியும். நோயாளியே தெளிவாக யோசித்து வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. அவரைத் தவிர்த்துவிட்டு வராந்தாவில் குடும்பம் மட்டும் கூடி முடிவெடுப்பதை நான் எப்போதும் தடுக்கப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவருக்கு எல்லாம் தெரிந்தே இருக்கும். நீரை வடிப்பது, வீக்கத்துக்கு மாத்திரை, மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின், தூக்கம், வலி என்று வலி தணிப்புப் பிரிவு செய்யக்கூடியது நிறைய. ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் முதல் நாளிலிருந்தே அந்தப் பிரிவைப் பார்க்கலாம்.

இன்னொரு டாக்டர்கிட்டயும் கேக்கணும். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

முதலில் எடுத்த மச்சத்தின் பயாப்சி ரிப்போர்ட். அதோடு அந்தச் சதையின் மெழுகுக் கட்டிகளும் கண்ணாடி ஸ்லைடுகளும். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பழைய ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள், பிராஃப் சோதனையை அதிலேயே செய்யலாம். எக்கோ, எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன்களின் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது; படங்கள் உள்ள சிடி வேண்டும். எல்டிஎச் உட்பட சமீபத்திய ரத்தச் சோதனைகள், இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயரும் தேதியும், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அட்டை.

இதய சர்ஜனையும் மெலனோமா மருந்து தெரிந்த புற்றுநோய் மருத்துவரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்கும் மருத்துவமனையாகப் பாருங்கள். ஒருவர் மட்டும் சொல்லும் பதிலை வைத்து ஆபரேஷன் தேதி வாங்க வேண்டாம். மூச்சு முட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இது விதிவிலக்கு, அப்போது பக்கத்தில் இருக்கும் இதய மருத்துவமனைக்கே உடனே போங்கள்.